வதந்தி உண்மையானால் உதிரிப் பாகத்துக்கு எங்கே போவது?

நண்பர்களே, நம்மில் பலர் கட்டும் 1/72 அளவு (நிஜ விமானத்தில் 72-இல் ஒரு பங்கு) பிளாஸ்டிக் விமான மாடல்களைத் தயாரிக்கும் நிறுவனம் மூடப்படுவதாகப் பேச்சு அடிபடுகிறது. நிறுவனம் வாய் திறக்கவில்லை. அதற்குள் சிலர் பெட்டிகளைப் பதுக்கி இரட்டை விலை சொல்கிறார்கள், வெட்கமே இல்லாமல். 2006-இல் ஏர்ஃபிக்ஸ் என்ற பிரிட்டிஷ் மாடல் நிறுவனம் தள்ளாடியபோது, பொம்மை ரயில் செய்யும் ஹார்ன்பி நிறுவனம் அதை வாங்கியது. 2018-இல் ரெவெல் என்ற இன்னொரு மாடல் நிறுவனமும் கைமாறிப் பிழைத்தது. பாகங்களை வார்க்கும் எஃகு அச்சுகள் பத்திரமாக இருந்தால் மாடல்கள் திரும்பி வரும் என்றே நினைக்கிறேன்.

என் அவசரம் வேறு. பாதி கட்டிய விமானத்தின் காக்பிட் (விமானி அறை) கண்ணாடி மூடி விரிசல் கண்டிருக்கிறது. மாற்றுப் பாகம் கேட்டு எழுதியவர்களுக்கு அண்மையில் பதில் வந்ததா? இல்லையென்றால், சூடாக்கிய தெளிவான பிளாஸ்டிக் தகட்டை அச்சின்மேல் இழுத்து வீட்டிலேயே மூடி செய்தவர்கள் சொல்லுங்கள்: விரிசல் விட்ட பழைய மூடியையே அச்சாக வைக்கலாமா, சூட்டில் அது உருகிவிடுமா?