பெரிய வெள்ளியில் பாடுகளின் காட்சி: நம் பிள்ளைகளா, வாடகைக் குழுவா?

விளவங்கோட்டான்:
எங்கள் கோவில் பங்கில், இயேசு சிலுவையில் இறந்ததை நினைக்கும் பெரிய வெள்ளிக்கான பேச்சு இப்போதே தொடங்கிவிட்டது. இயேசு சிலுவை சுமந்து போன பாடுகளை இளைஞர்கள் தெருவழியாக நடித்துக்கொண்டே சிலுவைப்பாதை போவது எங்கள் ஊர் வழக்கம். சென்ற ஆண்டு மைக் பாதியில் நின்றுபோனது. ஆளுநர் பிலாத்துவாக நடித்தவன் வசனத்தை மறந்தான். படைவீரர்களில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அதனால் பங்குப் பேரவையில் சிலர், வெளியூர் நாடகக் குழுவைப் பணம் கொடுத்து அழைக்கலாம் என்கிறார்கள். என் ஓட்டும் அதற்குத்தான். ஆண்டவருடைய பாடுகளைக் கேலிக்கூத்தாக்குவதைவிடத் தொழில் தெரிந்தவர்கள் செய்யட்டும்.

குளச்சல் கரையோரன்:
அண்ணன், சீரேனே ஊர் சீமோன் என்ன நடிப்புப் பயிற்சி பெற்றா வந்தான்? வயலிலிருந்து வந்துகொண்டிருந்தவனைப் பிடித்து இயேசுவின் சிலுவையைச் சுமக்க வைத்தார்கள். ஜெர்மனியில் ஓபராமெர்காவ் என்று ஒரு மலைக்கிராமம் இருக்கிறது. கொள்ளைநோய்க் காலத்தில், 1633இல், நேர்ந்துகொண்டு, 1634இல் முதல்முறையாகப் பாடுகளின் நாடகத்தைப் போட்டார்கள். இன்றும் பத்தாண்டுக்கு ஒருமுறை போடுகிறார்கள். 2020இல் போட வேண்டியது கொரோனாவால் 2022க்குத் தள்ளிப்போனது. மேடையேற வேண்டுமென்றால் அந்த ஊரில் பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் இருபது ஆண்டு அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். உலகமே பார்க்க வருகிற நாடகத்துக்கே வெளியூர் நடிகன் தேவைப்படவில்லை. நமக்கு எதற்கு?

மார்த்தாண்டம் டீச்சர்:
நான் சி.எஸ்.ஐ. என்ற புராட்டஸ்டன்ட் சபைக்காரி. அன்று பன்னிரண்டு மணி முதல் மூன்று மணி வரை இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளைத் தியானித்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள் நாங்கள். யார் நடித்தாலும் எனக்கு உடன்பாடில்லை. இயேசு என்றதும் பிள்ளைகளின் மனதில் பக்கத்து வீட்டு இளைஞனின் ஒட்டுத்தாடி வந்து நிற்கிறது. ஆறு மாதம் கழித்து அவன் கல்யாண வீட்டுப் பந்தலில் கைகலப்பில் இறங்கினால், "இயேசுவே அடிக்கிறார்" என்று ஊர் சிரிக்கிறது. வசனம் வாசிக்கப்பட்டால் போதாதா?

குளச்சல் கரையோரன்:
டீச்சர், எங்கள் கோவிலில் அன்று யோவான் எழுதிய பாடுகளின் வரலாற்றை எப்படி வாசிக்கிறோம் என்று கேட்டிருக்கிறீர்களா? கிறிஸ்துவுக்கு ஒரு குரல், நிகழ்ச்சியைச் சொல்லும் உரைஞருக்கு ஒரு குரல், மற்றவர்களுக்கு ஒரு குரல். பல ஊர்களில் "அவனைச் சிலுவையில் அறையும்" என்ற கூச்சலைச் சபை முழுவதும் சேர்ந்து சொல்லும். வேடமும் தெருவும் மட்டும்தான் பாக்கி. கலாத்தியச் சபைகளுக்குத் திருத்தூதர் பவுல் கடிதத்தில் என்ன எழுதினார்? சிலுவையில் அறையப்பட்ட கிறிஸ்து உங்கள் கண்முன் நிறுத்தப்பட்டாரே என்றுதானே?

மார்த்தாண்டம் டீச்சர்:
பவுல் பிரசங்கித்தார் தம்பி, ஒட்டுத்தாடி வைக்கவில்லை.

சரி, நடிப்பு வேண்டும் என்றே வைத்துக்கொள்வோம். எதை நடிக்கிறீர்கள்? சாட்டையடியை மாற்குவும் மத்தேயுவும் போகிற போக்கில் ஒரு சொல்லில் முடிக்கிறார்கள். யோவானுக்கு ஒரே வசனம். லூக்காவிலோ தண்டித்து விட்டுவிடுகிறேன் என்று பிலாத்து சொல்வதோடு சரி. நீங்கள் அதை ஒரு தெருச்சந்திப்பு முழுக்க நீட்டி, சிவப்புச் சாயத்தைக் குடம் குடமாக ஊற்றுகிறீர்கள். சின்னப் பிள்ளைகள் வீறிட்டு அழுகிறார்கள். அதைப் பக்தி என்று எழுதிக்கொள்கிறீர்கள்.

நான்கு சுவிசேஷக்காரரும் நின்று நிதானமாகச் சொன்ன இடம் ஒன்று உண்டு: சீடன் பேதுரு இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்தது. கலிலேயாக் கடற்கரை மீன்பிடிகாரன், தலைநகரத்து முற்றத்தில் குளிர்காய்கிறான். உன் பேச்சே உன்னைக் காட்டிக்கொடுக்கிறது என்கிறார்கள். நாகர்கோவில் கடையில் வாயைத் திறந்ததும் "கடற்கரையா?" என்று கேட்கப்பட்டவர்களுக்கு அந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. அதை உங்கள் ஊரில் யாராவது நடித்துப் பார்த்திருக்கிறீர்களா? ரத்தம் இல்லாததால் விட்டுவிட்டீர்கள்.

விளவங்கோட்டான்:
டீச்சர் சொல்வது பைபிள் வகுப்புக்குச் சரி. தெருவில் நிற்பவர்களுக்கு எடுபடாது. எங்கள் பாதையோரம் இந்துக் குடும்பங்களும் வாசலில் வந்து நின்று பார்க்கின்றன. சாட்டைச் சத்தம் கேட்டால்தான் கூட்டம் நகராமல் நிற்கும். பேதுரு தீக்காய்வதைப் பார்க்க யார் நிற்பார்கள்? மேலும் சிலுவைப்பாதை என்றால் பதினான்கு நிலை, அதாவது நின்று செபிக்கும் பதினான்கு காட்சி. இருக்கிற வரிசையில் உங்கள் பேதுருவை எங்கே செருகுவது?

நாஞ்சில் வாசகன்:
அந்த வரிசை கல்லில் செதுக்கியது அல்ல. மூன்று முறை விழுந்ததும், வெரோணிக்கா முகம் துடைத்ததும், வழியில் தாயைச் சந்தித்ததும் நான்கு நற்செய்திகளிலும் இல்லை. 1991இல் அன்றைய போப், திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் உரோமையில் நற்செய்தி நிகழ்வுகளை மட்டும் வைத்துச் சிலுவைப்பாதை நடத்தினார். கெத்சமனியில் தொடங்கும் அந்த வரிசையில் நான்காம் நிலையே பேதுரு மறுதலிப்பதுதான். திருத்தந்தை செருகியதை விளவங்கோட்டில் செருக முடியாதா?

குவைத்திலிருந்து:
கூலிக்கு ஆள் வந்து நடித்தால் நான் எதற்கு வேலைத்தளத்தில் ஒளிந்து நின்று நேரலை பார்க்க வேண்டும்? போன முறை என் அண்ணன் மகன் யூதாஸ். அவன் காசுப்பையைத் தவறவிட்டுப் பொறுக்கியதைப் பார்த்து இங்கே அறையில் எல்லோரும் சிரித்தோம், பிறகு பேசாமல் இருந்தோம்.

ஒலிபெருக்கிக்காரன்:
பழியைப் பையன்கள்மேல் போடாதீர்கள். ஓடுகிற வண்டியில் ஜெனரேட்டர், சட்டையில் குத்தும் மைக், அதன்மேல் உரசும் சவுரி முடி. இவை மூன்றும் சேர்ந்தால் பெரிய நடிகனுக்கும் குரல் போய்விடும். வசனத்தை முன்கூட்டியே உங்கள் பிள்ளைகளின் குரலிலேயே பதிவுசெய்து ஓடவிடுங்கள். வெறுங்காலில் நடப்பவர்களுக்காக மதியத் தார்ச்சாலையில் தண்ணீர் தெளியுங்கள். சிலுவை, உள்ளே பொள்ளலான பலகைப் பெட்டியாக இருந்தால் போதும். மூன்று மணி வழிபாட்டுக்கு முன் ஊர்வலம் கோவிலுக்குள் வந்துவிட வேண்டும். பல ஊர்களில் நாடகம் இழுத்து, வழிபாட்டுக்கு ஆள் இல்லாமல் போகிறது. எனக்கு வாடகை கூடுதலாகத்தான் கிடைக்கும், ஆனாலும் சொல்கிறேன்.

மார்த்தாண்டம் டீச்சர்:
பதிவுசெய்யும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். பிரதான ஆசாரியர்களுக்கு வில்லன் குரலும் கோணல் தாடியும் கொடுத்து, யூதர் என்றாலே கொலைகாரர் என்று காட்டும் பழக்கம் இங்கேயும் இருக்கிறது. இயேசுவும் மரியாளும் பேதுருவும் யூதர்தானே? பாடுகளின் பழியை யூதர் அனைவர்மேலும் சுமத்தக்கூடாது என்று உங்கள் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய வத்திக்கான் சங்கமே 1965இல் சொல்லிவிட்டது. நீங்கள் மெச்சுகிற ஓபராமெர்காவிலும் இதற்காகவே வசனங்களைத் திருத்தினார்கள்.

மாதாவை ஏன் தரையில் புரண்டு அழ வைக்கிறீர்கள்? அவர் சிலுவையருகே நின்றார் என்றுதான் யோவான் எழுதியிருக்கிறார்.

குளச்சல் கரையோரன்:
ஆசாரியர் விஷயத்தில் நீங்கள் சொல்வதை எடுத்துக்கொள்கிறேன். மாதா விஷயத்தில் விடமாட்டேன். எங்கள் பக்கம் ஒருமுறை மாதாவாக நடித்தவர், 2017 ஒக்கிப் புயலில் கடலுக்குப் போன மகனின் உடலைக்கூடப் பெறாதவர். சிலுவையிலிருந்து இறக்கப்பட்ட இயேசுவின் உடலை மடியில் கிடத்தியதும் அவர் ஒப்பாரி வைத்தார். வசனத்தில் இல்லாத ஒப்பாரி. படைவீரனாக நின்றவன் ஈட்டியைக் கீழே வைத்துவிட்டான். அதை நிறுத்துங்கள் என்று எந்த வேதபாடம் சொல்லும்? வாடகைக் குழு எந்தத் தாயை அழைத்து வரும்?

மார்த்தாண்டம் டீச்சர்:
அந்த அம்மாவை நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் அழட்டும். அதைப் பார்த்து அடுத்த ஆண்டு அதே இடத்தில் அழுகைக்கு இசை சேர்க்கிறார்களே, அவர்களிடம்தான் என் சண்டை.

விளவங்கோட்டான்:
பேரவை அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூடுகிறது. குழு வேண்டும் என்றுதான் நான் பேசுவேன். ஒத்திகைக்கு வராத பையன்களை நம்பி இன்னொரு வெள்ளிக்கிழமையைக் கொடுக்க எனக்கு மனமில்லை. ஆனால் யார் நடித்தாலும் பேதுரு காட்சி இருக்கட்டும் என்று சொல்லிப் பார்க்கிறேன். யார் எழுதுவது? டீச்சர் எழுதித் தருவாரா?

மார்த்தாண்டம் டீச்சர்:
எழுதித் தருகிறேன். மூன்று குரல் வாசிப்பாக. வேடம் கிடையாது, தீ மட்டும் மூட்டிக்கொள்ளுங்கள்.

குளச்சல் கரையோரன்:
பேதுருவைக் கேள்வி கேட்கிற வேலைக்காரப் பெண்ணுக்கு மட்டுமாவது ஒரு வேடம் கொடுங்கள் டீச்சர். என் தங்கை கேட்கிறாள்.