யூகேயில் மாஸ்டர்ஸ் படிக்க வந்தவர்களுக்கு: முதல் எஸ்ஸே எழுதுமுன் ஒரு வார்த்தை

ஐஇஎல்டிஎஸ் என்ற இங்கிலீஷ் தேர்வில் 7 எடுத்தவர்கள்கூட முதல் எஸ்ஸேயில் 48 வாங்கி ஃபெயிலாகிவிட்டு, "என் இங்கிலீஷ் சரியில்லையோ?" என்று என்னிடம் வந்து கேட்கிறார்கள். பெரும்பாலும் இங்கிலீஷில் கோளாறு இருக்காது. ஊரில் பழகின பரீட்சை எழுத்து அப்படியே கையில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும்.

அண்ணா யுனிவர்சிட்டி பரீட்சையின் பெரிய கேள்வி ஞாபகம் இருக்கிறதா? டெஃபனிஷன், வகைகள், படம், நன்மை, தீமை என்று தெரிந்ததையெல்லாம் கொட்டி, தலைப்புக்கு அடிக்கோடு போட்டால் மார்க் விழும். படித்திருக்கிறோம் என்று காட்டினால் போதும். இங்கே படித்தாயிற்று என்றே வைத்துக்கொள்கிறார்கள். சரி, நீ என்ன சொல்கிறாய் என்று கேட்கிறார்கள்.

'பிரிட்டன் கார் கம்பெனிகளுக்கு ஜஸ்ட்-இன்-டைம் முறை இன்னும் ஒத்துவருமா?' என்று ஒரு கேள்வி வருகிறது என்று வையுங்கள். (உதிரிபாகங்களைக் குவித்து வைக்காமல், தேவைப்படும் நேரத்துக்கு வரவழைக்கும் டொயோட்டா பாணி அது.) நம் ஆட்கள் "இன்றைய உலகமயமான சூழலில்" என்று ஆரம்பித்து, டொயோட்டா வரலாறு ஒரு பக்கம், நன்மைகள் ஒரு பக்கம் எழுதி, கடைசிப் பத்தியில்தான் வாயைத் திறப்பார்கள். திருத்துகிறவர் ஓரத்தில் 'ஸோ வாட்?' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள்: "பிரெக்ஸிட்டுக்குப் பின் எல்லையில் காகித வேலை கூடிவிட்டது, ஆகவே கடல் தாண்டி வரும் முக்கிய உதிரிபாகங்களுக்காவது கையிருப்பு வேண்டும் என்பது என் வாதம்." அப்புறம் வரும் பத்தி ஒவ்வொன்றும் அதற்குச் சான்று. டொயோட்டாவுக்கு இரண்டு வரி போதும்.

பெரிய பேராசிரியர் எழுதியதை மறுக்கலாமா என்று தயங்காதீர்கள். காரணத்தோடு மறுத்தால் மார்க் கூடும். "இவர் சொல்வது தவறு" என்று அடிக்காமல், "இவர் தரவு ஒரே நாட்டைப் பற்றியது, மற்ற இடங்களுக்குப் பொருந்தாமல் போகலாம்" என்று எழுதுங்கள்.

1966-ல் ராபர்ட் கப்லன் என்ற அமெரிக்க அறிஞர், ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் நேர்கோட்டில் போகிறார்கள், கீழைநாட்டார் சுற்றிச் சுற்றி வருகிறார்கள் என்று படமே போட்டுக் காட்டினார். பலர் பிற்பாடு அதைக் கண்டித்தார்கள். எனக்கும் ஒப்புதல் இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பித்துவிட்டு அமெரிக்கா போன சுரேஷ் கனகராஜா, எழுதுகிறவர் தேவைக்கேற்ப மொழிகளுக்கிடையே போய்வருகிறார் என்கிறார். அதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. நேர்கோடும் ஒரு ஊர் வழக்கம்தான்.

காப்பியடித்திருக்கிறதா என்று பார்க்க யுனிவர்சிட்டிகள் பயன்படுத்தும் டர்னிட்டின் என்ற சாஃப்ட்வேர் காட்டும் சதவீதத்தைப் பார்த்துப் பதறாதீர்கள். அது மற்றவர்கள் எழுதியதோடு ஒத்துப்போகும் வரிகளின் அளவு. மேற்கோளும் ரெஃபரன்ஸ் பட்டியலும்கூட அதில் சேரலாம். 5% வந்தாலும், சொல்லாமல் எடுத்த ஒரு பத்தி இருந்தால் மாட்டிக்கொள்வீர்கள். ரூம்மேட்டுக்கு "சும்மா பார்த்துக்கோ" என்று ஃபைல் அனுப்பினால் இங்கே கொலூஷன் (விதியை மீறிக் கூட்டாகச் செய்தது) என்று ஆகிவிடலாம், கொடுத்தவரையும் விசாரிப்பார்கள். டெலிகிராமில் 'அசைன்மென்ட் ஹெல்ப்' என்று வருகிறவர்களைப் பிளாக் செய்யுங்கள். காசு வாங்கி எழுதிக்கொடுப்பதை 2022-ல் இங்கிலாந்தில் குற்றமாக்கிவிட்டார்கள்.

மார்க்கைப் பற்றி வீட்டில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பெரும்பாலான இடங்களில் 50 பாஸ், 60 மெரிட், 70 டிஸ்டிங்ஷன். 65 இங்கே நல்ல மார்க், ஆனால் அம்மா "ஏன்டா, என்ன ஆச்சு?" என்பார்.

லைப்ரரியிலோ அகாடமிக் ஸ்கில்ஸ் சென்டரிலோ ஒருவர் உட்கார்ந்து உங்கள் டிராஃப்டைப் பார்ப்பார், இலவசம்தான். கிராமர் திருத்தித் தர மாட்டார். வாதம் எங்கே அறுந்துபோகிறது என்று காட்டுவார். டெட்லைன் வாரத்தில் ஸ்லாட் கிடைக்காது, இப்போதே புக் செய்துவிடுங்கள்.