கட்-ஆஃப் 300 ஆக இருந்த காலம்

பாப்பா: இஞ்சினியரிங் கட்-ஆஃப் 186 வந்திருக்கிறது 😊

அத்தை: சபாஷ்டி கண்ணு!

பெரியப்பா: 200க்குத்தானே? நல்ல மார்க். உன் அண்ணன் காலத்தில் 300க்கு. ப்ளஸ் டூவுக்கு 200, நுழைவுத்தேர்வுக்கு 100. அந்த நுழைவுத்தேர்வையே நீக்கச் சொன்னது ஆனந்தகிருஷ்ணன் குழு.

பாப்பா: யார் அவர்?

பெரியப்பா: வாணியம்பாடிக்காரர். கிண்டியில் சிவில் படித்து, மின்னசோட்டாவில் முனைவர் பட்டம் வாங்கி, ஐஐடி கான்பூரில் பேராசிரியராக இருந்தவர். அப்புறம் வாஷிங்டனில் நம் தூதரகத்தில் அறிவியல் ஆலோசகர், ஐ.நா.விலும் வேலை. 1990இல் அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தராக வந்தார்.

சித்தப்பா: அறுபதைத் தாண்டிய வயதில்! மற்றவர்கள் அங்கேயே வீடு வாங்கி உட்கார்ந்திருப்பார்கள்.

அண்ணன்: நான் அந்த 300 கோஷ்டி. தேர்வை நீக்கியதில் எனக்கு உடன்பாடு இல்லை. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தொடாமலே, இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தை உருப்போட வைக்கும் பள்ளிகளுக்கு அது வசதியாகப் போயிற்று.

பெரியப்பா: உன்னை எந்தக் கோச்சிங்கில் சேர்த்தோம், எவ்வளவு கட்டினோம் என்று உன் அம்மாவைக் கேள். அதற்கு வழியில்லாத கிராமத்துப் பிள்ளை என்ன செய்யும்? 2006இல் குழு போட்டபோது பேச்சே அதுதான். 2007 சேர்க்கையிலிருந்து தேர்வு போயிற்று.

அண்ணன்: சரி, கோச்சிங் விஷயத்தில் வாயை மூடிக்கொள்கிறேன். உருப்போடும் விஷயத்தில் மூட மாட்டேன்.

சித்தி: அதில் அவன் சொல்வதும் சரிதான். ஒரு தொல்லையை விரட்டினால் இன்னொன்று வருகிறது.

அத்தை: அது இருக்கட்டும், நீங்கள் எப்படி இவ்வளவு வேகமாகத் தட்டுகிறீர்கள்? நான் ஒரு வரி முடிப்பதற்குள் ஐந்து வருகிறது!

பெரியப்பா: தமிழ்99 விசைப்பலகை. அதற்குப் பின்னாலும் ஆனந்தகிருஷ்ணன் உண்டு. இதைத் தரப்படுத்திய, 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை முன்நின்று நடத்தியவர். இடப்பக்கம் உயிர், வலப்பக்கம் மெய். ‘அம்மா’வுக்கு அ, ம, ம, ஆ, அவ்வளவுதான். புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும்.

சித்தப்பா: சிவில் இஞ்சினியருக்கு இதெல்லாம் எதற்கு என்று விட்டிருக்கலாம். விடவில்லை பாருங்கள். 2021 மே மாதம் கொரோனாவில் போய்விட்டார், பாவம்.

அண்ணன்: தமிழில் தட்ட செல்லினம் செயலியை இறக்கிவிட்டேன். ஔ எங்கே இருக்கிறது?

பெரியப்பா: கீழ் வரிசை, இடது ஓரம்.