புதுப்பிப்பு: அண்ணனின் விபத்து வழக்கு

விழுப்புரம் அருகே கார் மோதி அண்ணனின் வலது முழங்கால் நொறுங்கியதையும், இழப்பீட்டுக்காக மதுரையிலிருந்து அவ்வளவு தூரம் அலைய வேண்டுமோ என்று நான் தவித்ததையும் முன்பு எழுதியிருந்தேன். அலைய வேண்டியதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவின்படி, மனுதாரர் வசிக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம். மதுரையில், விபத்து நடந்த ஐந்தாம் மாதத்திலேயே போட்டுவிட்டோம். 2022 ஏப்ரல் முதல் ஆறு மாதக் கெடு நடைமுறையில் இருப்பதால் தயவுசெய்து யாரும் தள்ளிப்போடாதீர்கள்.

காப்பீட்டு நிறுவனம் சமரசத்துக்கு வந்தது. மருத்துவச் செலவும் அதற்கு மேல் சொற்பத் தொகையும் தருவார்களாம். எனக்கு வயிறு எரிந்தது. அண்ணன் தையற்காரர், மிதிப்பலகையை அழுத்துவதே அந்த வலது கால்தான். மருத்துவக் குழு 30 சதவீத ஊனம் என்று சான்றளித்திருக்கிறது. ஆனால் அந்த ஊனம் அவருடைய தொழிலை எவ்வளவு முடக்கியது என்பதையே தீர்ப்பாயம் பார்க்க வேண்டும் என்கிறார் வழக்கறிஞர். அண்ணனுக்கு வயது 43. சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009இல் தந்த வயதுவாரி அட்டவணைப்படி, இழந்த ஆண்டு வருமானத்தை 14ஆல் பெருக்குவார்கள். சமரசத்தை மறுத்துவிட்டோம்.

ஒன்று மட்டும் மனதை அறுக்கிறது. மருந்துக்கடை ரசீதுகளில் பாதி, எழுத்து மங்கி வெறும் வெள்ளைத் தாளாகிவிட்டன. வாங்கிய அன்றே நகலெடுத்து வையுங்கள். கடைக்காரர் தன் கணக்கைப் பார்த்து மறுபடி அச்சிட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். நாளை காலை போகிறேன். அடுத்த வாய்தாவில் அண்ணனைக் குறுக்கு விசாரணை செய்வார்கள்.