எட்டாவது குறுக்குத் தெரு குழு: பள்ளி திறந்த வாரம்

[28-10-2021, வியாழக்கிழமை]

கவிதா, இரவு 8:42
அனைவருக்கும் வணக்கம். வரும் திங்கட்கிழமை, நவம்பர் 1 அன்று, கொரோனாவால் மூடியிருந்த ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் திறக்கப்படுகின்றன. என் மகள் நிலா இப்போது மூன்றாம் வகுப்பு. ஆனால் அவள் வகுப்பறையில் கடைசியாக உட்கார்ந்தது 2020 மார்ச்சில், ஒன்றாம் வகுப்பு முடிவதற்கு முன்பு. பள்ளி திறக்கும் செய்தி காதில் விழுந்த நாள்முதல் காலையில் எழுந்ததும் வயிறு வலிக்கிறது என்கிறாள். ஓமத் தண்ணீர் கொடுத்தோம், பயனில்லை. பத்து மணிக்கு மேல் தானாகவே ஓடி விளையாடத் தொடங்கிவிடுகிறாள். அவள் நடிக்கிறாள் என்று வீட்டில் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ராஜேஸ்வரி டீச்சர், இரவு 8:57
நடிப்பு இல்லை, கவிதா. பயமும் கவலையும் குடலைப் பிடித்து இழுக்கும். பெரியவர்களுக்கே தேர்வு நாளன்று வயிறு கலங்குவதில்லையா? குழந்தைக்கு ‘எனக்குக் கவலையாக இருக்கிறது’ என்று சொல்லத் தெரியாது, ‘வயிறு வலிக்கிறது’ என்று சொல்லத்தான் தெரியும். காய்ச்சல், வாந்தி, எடைக் குறைவு, இரவுத் தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் வலி ஆகியவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் காட்டிவிடு. அவை இல்லையென்றால், வலியை நம்புகிறாய் என்பதை அவளிடம் சொல், ஆனால் அந்த வலிக்காகப் பள்ளியை நிறுத்தாதே. ஒருநாள் வீட்டில் நின்றால் அன்றைக்கு நிம்மதி கிடைக்கும். அந்த நிம்மதியே மறுநாள் பயத்தை இரண்டு மடங்காக்கும். முப்பத்திரண்டு ஆண்டுகள் ஒன்றாம் வகுப்பு வாசலில் நின்று நான் கண்டது இது.

செந்தில், இரவு 9:10
டீச்சர், இந்தக் குழுவில் ஒழுங்கான தமிழில்தான் எழுத வேண்டும் என்று நீங்கள் போட்ட சட்டத்தால் குரல் பதிவு அனுப்ப வழியில்லாமல் இதைத் தட்டச்சு செய்கிறேன். என் மகன் எட்டாம் வகுப்பு. அவனுக்கு வயிற்றுவலி இல்லை, கோபம்தான் வருகிறது. பள்ளி என்ற சொல்லை எடுத்தாலே கதவைச் சாத்திக்கொள்கிறான். இரவு இரண்டு மணிவரை கைப்பேசி, காலை பத்துக்கு எழுந்து, கேமராவை அணைத்துவிட்டு ஆன்லைன் வகுப்பு. ஒன்றரை வருடமாக இதுதான் வாழ்க்கை.

ராஜேஸ்வரி டீச்சர், இரவு 9:31
அவன் ஆறாம் வகுப்பையும் ஏழாம் வகுப்பையும் தேர்வு எழுதாமலே கடந்தவன் என்பதை மறந்துவிட வேண்டாம், தம்பி. அவனுக்குப் பள்ளிமேல் கோபம் இல்லை. கரும்பலகைக்கு முன்னால் நிறுத்தி ஒரு கணக்கைப் போடச் சொன்னால் தனக்குத் தெரியாதது எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்ற அச்சம்தான் அந்த வயதில் கோபமாக வெளிப்படும். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் அதே நிலையில்தான் இருப்பார்கள் என்பதை அவனுக்குச் சொல்லுங்கள். அறிவுரையாகச் சொன்னால் கேட்க மாட்டான். வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போது, முகம் பார்க்காமல் பேசினால் கேட்பான். தூக்கத்தை ஒரே இரவில் திருப்ப முயன்றால் சண்டையில்தான் முடியும். படுக்கும் நேரத்தையும் எழும் நேரத்தையும் நாளுக்குக் கால் மணி நேரமாக முன்னால் நகர்த்துங்கள். எழுந்தவுடன் மொட்டைமாடி வெயிலில் சற்று நேரம் நிற்கட்டும். பதின்மூன்று வயதில் எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் தேவை. திங்கட்கிழமைக்குள் இது முடியாது, ஆனால் இன்றே தொடங்கலாம்.

செந்தில், இரவு 9:34
கைப்பேசியை இரவில் என் தலையணைக்கடியில் வைத்துக்கொள்கிறேன். என்னுடையதையும் சேர்த்து வைக்கும்படி வீட்டில் உத்தரவு வந்திருக்கிறது.

[30-10-2021, சனிக்கிழமை]

கவிதா, மாலை 6:15
டீச்சர், ‘ஏன் பயப்படுகிறாய்’ என்று நேரடியாகக் கேட்காமல் அவள் விளையாட்டைக் கவனிக்கும்படி நேற்றுத் தொலைபேசியில் சொன்னீர்கள். இன்று கரடி பொம்மைகளை வரிசையாக உட்கார வைத்து நிலா டீச்சராகப் பாடம் நடத்தினாள். முடிவில் மணியடித்துவிட்டு, ‘எல்லாரும் வீட்டுக்குப் போங்க, ஆனா பாட்டியைத் தொடக் கூடாது, தொட்டா பாட்டி செத்துடுவாங்க’ என்றாள். நான் கதவுக்கு வெளியிலேயே நின்றுவிட்டேன். மே மாதம் என் மாமனார் இறந்தபோது கூடத்தில் பெரியவர்கள் பேசிய ஒவ்வொரு சொல்லும் அவள் காதில் விழுந்திருக்கிறது. நாங்கள் பாடத்தையும் பள்ளியையும் நினைத்துக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தோம்.

ராஜேஸ்வரி டீச்சர், மாலை 6:29
இதை நீ சொல்லித் தீர்க்க முடியாது. உன் மாமியாரே சொல்ல வேண்டும்.

கவிதா, இரவு 8:50
அத்தை அவளை மடியில் உட்கார வைத்துக்கொண்டு, தான் இரண்டு தடுப்பூசியும் போட்டுக்கொண்டதைச் சொல்லி, கைப்பேசியில் இருந்த சான்றிதழைக் காட்டினார்கள். ஒன்றும் ஆகாது என்று உறுதி கொடுக்கவில்லை. ‘நீ வந்ததும் கை கால் கழுவு, உடை மாற்று, அது உன் வேலை, மற்றதைப் பார்த்துக்கொள்வது பெரியவர்கள் வேலை’ என்றார்கள். நடிப்பு என்று முதலில் சொன்னதும் அவர்கள்தான் என்பதால் இதை இங்கே பதிவு செய்கிறேன். இன்னொரு செய்தி: சீருடையைப் போட்டுப் பார்த்தோம், பாவாடை முழங்காலுக்கு மேலே நிற்கிறது, காலணிக்குள் கால் நுழையவே இல்லை.

அப்துல் பாய் (ஆட்டோ), இரவு 9:05
கவிதா தங்கச்சி, நாளை ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சவாரி குறைவு. நிலாவையும் அவளோடு வரும் இரண்டு பிள்ளைகளையும் பள்ளிக் கதவுவரை அழைத்துச் சென்று, சுற்றிக் காட்டிவிட்டுக் கூட்டி வருகிறேன். வழி மறந்திருக்கும், என் முகமும் மறந்திருக்கும். பதினைந்து வருடமாகப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறேன். அழுகிற பிள்ளை பெரும்பாலும் தெருமுனை தாண்டுவதற்குள் அடங்கிவிடும், வாசலில் நின்று நான்கு முறை திரும்பி வந்து முத்தம் கொடுக்கும் தாயாரைச் சமாளிப்பதுதான் கடினம். ஆகவே வழியனுப்புவது ஒரே முறையாக இருக்கட்டும்.

[01-11-2021, திங்கட்கிழமை]

கவிதா, மாலை 5:20
ஒரே முறைதான் கையசைத்தேன், பாய். பிறகு தேநீர்க் கடைக்குப் பின்னால் ஒளிந்து நின்றதை நீங்கள் பார்த்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். அழுதாள். ஆசிரியை கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். மாலையில் ‘எப்படி இருந்தது’ என்று கேட்கவில்லை, ஏனென்றால் அதற்கு ‘ம்’ என்ற ஒரே பதில்தான் வரும். யாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாய் என்று கேட்டேன். இடைவெளி விட்டு உட்கார வைத்தார்களாம். முகக்கவசத்தால் பழைய தோழியை அடையாளம் தெரியாமல், அவள் சிரித்த சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்தாளாம். இதைச் சொல்லவே கால் மணி நேரம் ஆனது.

செந்தில், இரவு 9:48
என் மகன் போகும்போதும் பேசவில்லை, வந்தும் பேசவில்லை. இரவு உணவின்போது மட்டும், ஏழாம் வகுப்புக் கணக்கை முதலில் திரும்ப நடத்துகிறார்கள் என்றான். அவ்வளவுதான். நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எனக்குத்தான் சிரமமாக இருந்தது.

[07-11-2021, ஞாயிற்றுக்கிழமை]

கவிதா, மாலை 4:10
தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். தீபாவளி விடுமுறைக்குப் பின் நாளை மீண்டும் பள்ளி என்று பையெல்லாம் அடுக்கி வைத்திருந்தோம். இப்போது சென்னையில் நாளையும் மறுநாளும் விடுமுறை என்கிறார்கள். சுழற்சி முறையில் அவள் போனது இரண்டே நாள். மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டுமா, டீச்சர்?

ராஜேஸ்வரி டீச்சர், மாலை 4:26
முதலிலிருந்து இல்லை, ஆனால் முதல் நாள் காலையில் கொஞ்சம் அழுவாள், அதை எதிர்பார்த்து வைத்துக்கொள். இந்த நாட்களில் எழும் நேரமும் படுக்கும் நேரமும் மாறக் கூடாது. சிரிப்பை வைத்துக் கண்டுபிடித்தாளே, அந்தத் தோழியின் வீட்டுக்கு ஒரு அழைப்பு போட்டுக் கொடு, இருவரும் பேசட்டும். மின்சாரம் போகும்முன் கைப்பேசியில் மின்னேற்றிவிடு.

அப்துல் பாய் (ஆட்டோ), மாலை 4:40
வண்டியை மேட்டில் ஏற்றி நிறுத்திவிட்டேன். தண்ணீர் வடிந்ததும் நிலாவிடம் சொல்லுங்கள், முன் இருக்கைப் பக்கம் அவள் இடம் அப்படியே இருக்கிறது.