சபையின் 40-ஆம் ஆண்டு விழா அன்றே புதிய போதகரிடம் பொறுப்பை ஒப்படைக்கலாமா?

வியாசை வாலிபர்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். வியாசர்பாடியில் 60 குடும்பங்கள் உள்ள சின்ன சபை. பேராயருக்குக் கீழே உள்ள எந்தத் திருமண்டலத்திலும் சேராதது, சங்கமாகப் பதிவு செய்தது. வரும் ஜனவரியில் 40-ஆம் ஆண்டு விழா. போதகர் ஐயாவுக்கு 69 வயது. விழா ஆராதனையிலேயே உதவிப் போதகர்மேல் கை வைத்து ஜெபித்து சபையை ஒப்படைத்துவிடலாம் என்கிறார்கள் மூப்பர்கள். கையில் ஐந்து மாதம் இருக்கிறது. பேங்க், பத்திரம், கல்யாணப் பதிவு, சாப்பாடு என்று எதையெல்லாம் எப்போது முடிக்கணும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்கு மூப்பர்:
ஜெபம் அன்றைக்கு இருக்கட்டும் பிரதர். ஆனால் ஒப்படைக்க வேண்டியதெல்லாம் டிசம்பருக்குள் கை மாறியிருக்க வேண்டும். மேடையில் சாவியைக் கொடுத்துவிட்டு செக்கில் பழைய கையெழுத்தே ஓடினால், புதியவர் பெயரளவுக்குத்தான் போதகர்.

முதலில் பைலாவை, அதாவது சங்கத்தின் விதிமுறைகளை எடுத்துப் படியுங்கள். 1975-ஆம் வருடத்து தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி கமிட்டியில் குறைந்தது 3 பேர் வேண்டும், ஒருவரின் பதவிக்காலம் 3 வருடத்தைத் தாண்டக் கூடாது. திரும்பத் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் தேர்தல் நடந்ததற்குத் தீர்மானம் இருக்கணும். சின்ன சபைகள் சறுக்குவது இங்கேதான். வருஷக் கணக்காக அதே பெயர்கள், பதிவாளர் அலுவலகத்தில் ஒரு தாளும் போட்டிருக்காது. போடாமல் விட்ட அந்தத் தாள்களை முடிக்காமல் புதுப் பெயரைக் கொண்டுபோனால் வேலை நகராது. அதனால் இந்த மாதமே ஆடிட்டரைப் பாருங்கள்.

பிறகு பொதுக்கூட்டம், தீர்மானம், கமிட்டி மாற்றத்துக்கான படிவம் 7. அதன் நகலோடுதான் பேங்க். மினிட்ஸ் நோட்டில் பெயரை ஆதாரில் உள்ளபடி எழுத்து மாறாமல் எழுதுங்கள். தீர்மானத்தில் "பாஸ்டர்" என்ற அடைமொழியோடு ஒரு பெயர், பான் கார்டில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால் என்றிருந்தால் பேங்கில் திருப்பி அனுப்புவார்கள். கையெழுத்து மூவரில் இருவர் என்று மாற்றிவிடுங்கள். கணக்கில் பதிந்த மொபைல் நம்பரையும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஓடிபி ஐயா போனுக்கே போகும். காணிக்கைப் பெட்டிமேல் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டை யார் கணக்கோடு சேர்ந்தது என்று இன்றைக்கே ஸ்கேன் பண்ணிப் பாருங்கள். பல இடங்களில் அது போதகரின் சொந்தக் கணக்கு.

பத்திரம் பார்ப்பவன்:
நிலம் யார் பெயரில்? அதைச் சொல்லவில்லையே. 40 வருடம் முன்னால் தொடங்கிய சபைகளில் மனை பெரும்பாலும் போதகரின் சொந்தப் பெயரில் வாங்கியிருப்பார்கள். காணிக்கைப் பணத்தில் வாங்கியிருந்தாலும் பத்திரத்தில் இருப்பது அவர் பெயர். அவர் உயில் எழுதாமல் காலமானால் 1925-ஆம் வருடத்து இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு. சபைக்கு எதுவும் இல்லை. பிள்ளைகள் நல்லவர்களாகவே இருக்கட்டும், வெளிநாட்டில் ஒருவர் இருந்தால்கூட எல்லாருடைய கையெழுத்தையும் சேர்ப்பதற்குள் வருஷங்கள் ஓடிவிடும்.

அதனால் ஐயா நல்ல சுகத்தோடு இருக்கும்போதே சங்கத்தின் பெயருக்குத் தானப் பத்திரம் எழுதிப் பதிய வேண்டும். குடும்பத்துக்குள் எழுதும் பத்திரத்துக்கு உள்ள கட்டணச் சலுகை இதற்குக் கிடையாது. வழிகாட்டி மதிப்பின் பேரில் முத்திரைத் தீர்வை வரும், அந்தத் தொகையை இப்போதே ஒதுக்குங்கள். கூடவே வில்லங்கச் சான்று, பட்டா, மின் இணைப்பில் உள்ள பெயர்.

சாந்தோம் சகோதரி:
கல்யாணப் பதிவைப் பற்றி. 1872-ஆம் வருடத்து இந்திய கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தில் கல்யாணம் நடத்திவைக்க அரசு தரும் லைசென்ஸ் ஆளுக்குத்தான், சபைக்கு இல்லை. ஐயாவின் லைசென்ஸை வைத்து புதியவர் ஒரு கல்யாணம்கூட நடத்தக் கூடாது. அதிகாரம் இல்லாமல் நடத்தினால் அதே சட்டத்தின் 68-ஆம் பிரிவில் 10 வருடம் வரை சிறை உண்டு. அதோடு அந்தத் தம்பதி பாஸ்போர்ட், விசா என்று அலைய வேண்டியிருக்கும். இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். கைக்கு வரும்வரை ஐயாவோ, லைசென்ஸ் உள்ள பக்கத்து சபைப் போதகரோ நடத்தட்டும். திருமணப் பதிவேடு, ஞானஸ்நானப் பதிவேடு எல்லாவற்றையும் பக்கம் எண்ணி, கடைசி வரிசை எண்ணைக் குறித்து, இருவரும் கையெழுத்துப் போட்டுக் கை மாற்றுங்கள்.

இன்னொன்று, இதைத்தான் யாரும் பேசுவதில்லை. ஐயாவும் அம்மாவும் அதன்பிறகு எங்கே குடியிருப்பார்கள்? ஆலயத்து மாடியிலேயே இருந்தால் சபையார் படியேறி அவரிடமே தீர்ப்புக் கேட்பார்கள். வயதான போதகர்கள் இறங்கத் தயங்குவது பதவி ஆசையால் என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். வீடும் இல்லை, பென்ஷனும் இல்லை, அதுதான் பல இடங்களில் காரணம். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 15 லட்சம் போட்டு 8.2 விழுக்காடு வட்டி என்று வைத்தால் மூன்று மாதத்துக்கு 30,750 ரூபாய் வரும், மாதம் 10,250. அந்தக் கணக்கைத் தனி ஆள் பெயரில்தான் திறக்க முடியும், சங்கத்தின் பெயரில் முடியாது. ஆகவே பொதுக்கூட்டத்தில் தீர்மானம் போட்டு ஐயாவுக்குக் கொடுங்கள், வரி விஷயத்தை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். 60 குடும்பத்துக்கு 15 லட்சம் பெரிய தொகைதான். முடியாவிட்டால் வாடகையும் மருத்துவக் காப்பீடும் மட்டுமாவது சபை ஏற்க வேண்டும். விழா மேடையில் சால்வை போடுவதற்கு முன்னால் இது முடிவாகியிருக்கட்டும்.

வியாசை வாலிபர்:
நன்றி அக்கா. மனை ஐயா பெயரில்தான் இருக்கிறது என்று இப்போதுதான் கேட்டுத் தெரிந்துகொண்டோம். இன்னொரு சிக்கல், ஐயாவின் மகனும் ஊழியத்தில் இருக்கிறார். உதவிப் போதகரா, மகனா என்று சபையில் இரண்டு பேச்சாக இருக்கிறது.

கணக்கு மூப்பர்:
மகன் என்பதற்காகத் தரவும் வேண்டாம், மகன் என்பதற்காகவே தள்ளவும் வேண்டாம். எத்தனை வருட ஊழியம், என்ன வேதபாடப் படிப்பு, வீடு சந்திப்பு, கணக்கில் நேர்மை என்று தகுதியை முதலில் எழுதிக் கமிட்டியில் நிறைவேற்றுங்கள். பெயர்களை அதற்குப் பிறகு எடுங்கள். பெயர் வந்தபின் தகுதி எழுதினால் ஆளுக்கு ஏற்ற சட்டை தைத்த மாதிரி ஆகிவிடும். ஐயா குடும்பத்தார் அந்தக் கூட்டத்தை நடத்தாமல், ஓட்டுச் சீட்டும் எண்ணாமல் இருப்பது நல்லது. வேதத்தில் அப்போஸ்தலர் 6-இல் பந்தி விசாரணைக்கான ஏழு பேரைச் சபையார்தான் தெரிந்தெடுத்தார்கள்.

எண்ணாகமம் 27-ஐயும் படியுங்கள். யோசுவாவை சபையார் எல்லாருக்கும் முன்பாக நிறுத்தும்படி கர்த்தர் சொன்னபோது மோசே உயிரோடு இருந்தார், தன் கனத்தில், அதாவது அதிகாரத்தில், ஒரு பங்கைத்தான் அப்போது கொடுத்தார். அதுபோல செப்டம்பரிலிருந்து மாதம் இரண்டு ஞாயிறு பிரசங்கம், அக்டோபரில் திருவிருந்து ஆராதனை, நவம்பரில் கமிட்டிக் கூட்டத் தலைமை என்று படிப்படியாகப் புதியவருக்குக் கொடுங்கள்.

சமையல் பொறுப்பு:
சாப்பாட்டைக் கேட்டீர்களே. 60 குடும்பம், விருந்தினர் சேர்த்து 300 இலை. பிரியாணிக்கு சீரகச் சம்பா அரிசி 30 கிலோ, மட்டன் 30 கிலோ. கிலோ அரிசிக்குப் பத்து பேர் கணக்கு. முப்பது கிலோவையும் ஒரே தேக்சாவில் (பெரிய சமையல் பாத்திரம்) ஏற்றாதீர்கள், அடி பிடிக்கும், மேலே அரிசி வேகாது. பத்துப் பத்தாக மூன்று தேக்சா. பொங்கலை ஒட்டிய ஞாயிறு என்றால் மாஸ்டரை நவம்பரிலேயே அட்வான்ஸ் கொடுத்துப் பிடியுங்கள். தெருவில் பந்தல் என்றால் மாநகராட்சியிலும் காவல் நிலையத்திலும் முன்கூட்டியே மனு கொடுக்கணும். ஒலிபெருக்கிக்குத் தனி அனுமதி, இரவு 10 மணிக்கு மேல் காலை 6 வரை கூடாது. ஒப்படைப்பு ஜெபத்தை ஆராதனையின் முதல் பாதியில் வையுங்கள். வாழ்த்துரைகள் நீண்டு 1 மணிக்கு அது வந்தால் பிள்ளைகள் பந்தியில் நிற்பார்கள், ஆலயத்தில் பாதி பெஞ்சு காலியாக இருக்கும்.