மஸ்டாங் 5.0: பழைய பிளாக்கா, டார்ட் பிளாக்கா? புதுசு வாங்கினால் மெஷின் ஷாப் வேலை எதற்கு?

நரிக்காரன் எழுதியது:

வணக்கம். டெட்ராய்ட் பக்கம் இருக்கிறேன். என்னிடம் 1991 மஸ்டாங் ஒன்று உண்டு. ஃபாக்ஸ் பாடி (அந்தத் தலைமுறை மஸ்டாங்குக்குப் பெயர்), 5.0 லிட்டர் எச்.ஓ. என்ஜின், ஐந்து கியர். வீட்டில் அதற்கு 'நரி' என்றே பெயர். ஃபோர்டு 225 குதிரைசக்தி என்று விற்ற அதே என்ஜின்தான், இன்னும் திறக்கவே இல்லை. இப்போது எண்ணெய் குடிக்க ஆரம்பித்துவிட்டது. எப்படியும் பிரித்தாக வேண்டும், பிரிக்கிற கையோடு டர்போ போட்டு, பின்சக்கரத்தில் 650 குதிரைசக்தி எடுக்கலாம் என்று ஓர் ஆசை.

என் முன்னால் மூன்று வழி. இருக்கிற பிளாக்கையே (சிலிண்டர்கள் உள்ள என்ஜின் உடம்பு) 30 தவ், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 30 பங்கு, போர் செய்து (சிலிண்டரை அகலமாக்கி), 3.400 அங்குல ஸ்ட்ரோக் கிராங்க் போட்டு 347 கன அங்குலம் ஆக்குவது. அல்லது டார்ட் என்ற கம்பெனியின் எஸ்.எச்.பி. மாதிரி ஓர் இரும்பு பிளாக், மூவாயிரம் டாலர் சுற்றுவட்டாரம். மூன்றாவது அலுமினியம். அதன் விலையைப் பார்த்துவிட்டுப் பக்கத்தை மூடிவிட்டேன்.

இப்போது என் உண்மையான சந்தேகம். இரண்டாவது வழிக்கே மனசு போகிறது. ஆனால் இங்கே ஒரு மெஷின் ஷாப்பில் கேட்டால், புது பிளாக்குக்கும் ஆயிரத்து இருநூறு டாலருக்கு வேலை எழுதிக் கொடுக்கிறார்கள். ஹோனிங்காம் (சிலிண்டரைத் தேய்த்து அளவாக்குவது), லைன் ஹோனிங்காம் (கிராங்க் உட்காரும் ஓட்டைகளை ஒரே கோட்டில் கொண்டுவருவது), டெக் ஃபேசிங்காம் (சிலிண்டர் ஹெட் உட்காரும் மேல்பரப்பைச் சமமாக்குவது). பெட்டியில் வருகிற புதுப் பொருளுக்கு எதற்கு இதெல்லாம்? ஆள் பார்த்து விலை சொல்கிறார்களா?

---

இருபாதி எழுதியது:

முதல் வழிக்கு மட்டும் பதில் சொல்கிறேன். என் பெயரைப் பார்த்தாலே காரணம் தெரியும்.

என்னுடையது 89ஆம் வருட கார். பழைய பிளாக், 347, சூப்பர்சார்ஜர். டைனோவில் (சக்தி அளக்கும் மெஷின்) பின்சக்கரத்தில் 540 காட்டியது, அன்றைக்கு பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். அடுத்த மாதம் எண்ணெய் பிரஷர் மெல்ல இறங்கியது. சத்தம் இல்லை, புகை இல்லை. இன்டேக் மேனிஃபோல்டைத் தூக்கிப் பார்த்தால் லிஃப்டர் பள்ளத்தில், அதாவது இரண்டு வரிசைச் சிலிண்டருக்கும் நடுவில், முன்னாலிருந்து பின்னால் வரை ஒரு கோடு. தலைமுடி என்று நினைத்து விரலால் துடைத்தேன், போகவில்லை. நகத்தை வைத்தேன், உள்ளே இறங்கியது. பிளாக் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்துகொண்டிருந்தது.

ஐந்நூறைத் தாண்டினால் எப்போது என்பதுதான் கேள்வி. கிராங்க்கைக் கீழிருந்து பிடிக்கும் மெயின் கேப்களை இணைத்துக் கட்டும் கர்டில் போட்டால் தாங்கும் என்று யாராவது வருவார்கள். நானும் போட்டிருந்தேன். விரிசல் கேப்புக்கு மேலே, பிளாக்கின் சொந்த உடம்பில் அல்லவா விடுகிறது? கீழே கச்சை கட்டி என்ன செய்ய?

---

லேத்துக்காரர் எழுதியது:

நரிக்காரன் தம்பி, நான் ஸ்டெர்லிங் ஹைட்ஸில் என்ஜின் மெஷினிங் வேலை பார்க்கிறேன். அதற்கு முன்னால் கோயம்புத்தூர் கணபதியில் ஆறு வருஷம் லேத்துப் பட்டறை. ஆகவே மெஷின் ஷாப்காரனுக்குப் பரிந்து பேசுவேன், அதைக் கழித்துக்கொண்டு படி.

இருபாதி சொன்னது சரி. 650 என்று முடிவு செய்துவிட்டாய் என்றால் பழைய பிளாக்கை மறந்துவிடு. 302 பிளாக் (உன் 5.0தான், கன அங்குலக் கணக்கில்) 1960களில் பிறந்த குடும்பம், எடை குறைவாக இருக்க வேண்டும் என்றே மெல்லிசாக வார்த்தார்கள். மெயின் கேப்புக்கு இரண்டு போல்ட்தான். டார்ட் மாதிரி வெளிக் கம்பெனி பிளாக்குகள் நாலு போல்ட் ஸ்டீல் கேப்போடு வரும், கேப்புக்கு மேலே உள்ள சுவரும் தடி. தூக்கிப் பார்த்தாலே தெரியும். ஒற்றை ஆளாக மட்டும் தூக்காதே, இடுப்பு போய்விடும்.

அலுமினியம் உனக்கு வேண்டாம். எடை குறையும், சிலிண்டருக்குள் இருக்கும் ஸ்லீவ் அடிபட்டால் மாற்றலாம், எல்லாம் சரி. ஆனால் சூட்டில் இரும்பைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். குளிரில் ஓர் அளவு, சூடானதும் வேறு அளவு. இந்த ஊர் ஜனவரியில் ஸ்டார்ட் செய்து கடைக்குப் போகிற காருக்கு அந்தத் தலைவலி எதற்கு?

போர் அளவு 4.125 அங்குலம் எடு. 3.400 கிராங்க்கோடு 363 கன அங்குலம் வரும். டர்போதானே போடுகிறாய், 4.000 எடுத்துச் சுவரைத் தடியாக வைத்துக்கொள் என்றும் சொல்வார்கள். அதுவும் தப்பில்லை. ஆனால் இந்த பிளாக்குகளில் சிலிண்டர்கள் ஒன்றோடொன்று ஒட்டி வார்த்தவை, நடுவில் தண்ணீர் போகாது. 4.125லும் சதை போதும். சந்தேகம் இருந்தால் சோனிக் டெஸ்ட் செய்யச் சொல், ஒவ்வொரு சுவரும் எத்தனை கனம் என்று எழுதிக் கொடுப்பார்கள்.

இப்போது அந்த ஆயிரத்து இருநூறு. தம்பி, நீ வாங்குவது துணி, சட்டை இல்லை. தையல் கூலி தனி. 4.125 என்று போட்டிருப்பார்கள், அளந்தால் சில தவ் சின்னதாக இருக்கும். பிழை இல்லை, வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறார்கள். உன் பிஸ்டன் எந்தக் கம்பெனி, அவன் எவ்வளவு இடைவெளி கேட்கிறான் என்று ஃபவுண்ட்ரிக்கு எப்படித் தெரியும்? பிஸ்டன் கைக்கு வந்த பிறகு, அதை மைக்ரோமீட்டரில் அளந்து, அதற்குத்தான் ஹோனிங்.

அந்த ஹோனிங்கை டார்க் பிளேட் போட்டுத்தான் செய்ய வேண்டும். ஹெட் உட்காரும் இடத்தில் தடி இரும்புத் தகட்டை வைத்து, ஹெட்டுக்கு எத்தனை இறுக்கமோ அத்தனை இறுக்கி, அப்புறம் ஹோன் செய்வது. தகடு இல்லாமல் வட்டமாக அடித்து வைத்த சிலிண்டரில் தகட்டை இறுக்கி டயல் கேஜை இறக்கிப் பார், போல்ட் இருக்கும் மூலைகளில் ஒன்று, ஒன்றரை தவ் போய்வரும். என் கண்ணால் எத்தனையோ தடவை பார்த்தது. அந்தக் கோணல் சிலிண்டரில்தான் ரிங் நிமிஷத்துக்கு ஆறாயிரம் சுற்று ஓட வேண்டும். நீ போடப்போகும் அதே ஸ்டட் (போல்ட்டுக்குப் பதில் போடும் மரைக்கம்பி), அதே ஹெட் கேஸ்கெட் இரண்டையும் ஷாப்பில் கொண்டுபோய்க் கொடு. ஷாப்காரன் போல்ட்டில் இறுக்கினால் கோணல் வேறு மாதிரி வரும்.

லைன் ஹோனிங் எல்லா பிளாக்குக்கும் வேண்டாம். முதலில் அளக்கச் சொல். மெயின் கேப்களை உன் ஸ்டட்டோடு இறுக்கி, ஐந்து ஓட்டைகளையும் மூன்று திசையில் அளக்க வேண்டும். 302க்கு அந்த ஓட்டை 2.4412 முதல் 2.4420 வரை இருக்கலாம். ஐந்தும் அதற்குள் வந்தால் காசு மிச்சம். போல்ட்டைக் கழற்றி ஸ்டட் போட்டாலே கேப் கொஞ்சம் வேறு மாதிரி இழுபடும், அதனால் கம்பெனி அளவை நம்பாதே. தேவையில்லாமலும் செய்யாதே. லைன் ஹோன் செய்யச் செய்ய கிராங்க் மேலே கேம் பக்கம் ஏறும், டைமிங் செயின் தொய்யும்.

டெக் ஃபேசிங்கும் அப்படித்தான். நாலு மூலையிலும் உயரம் ஒன்றா என்று பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய். கிராங்க் நடுவிலிருந்து டெக் வரை 8.206 அங்குலம் என்பது ஃபோர்டு கணக்கு, புது பிளாக்கில் கொஞ்சம் சதை விட்டு வைத்திருப்பார்கள்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் ஏமாந்தவர்கள் நிறைய. பிளாக் குளிர்காலத்தில் லாரியில் வந்து கராஜில் இறங்கும். அப்படியே எடுத்து அளக்காதே. வீட்டுச் சூட்டில் இருக்கும் மைக்ரோமீட்டரில் கேஜை செட் செய்து, அதைவிட நாற்பது டிகிரி ஃபாரன்ஹீட் குளிர்ந்த பிளாக்கை அளந்தால், நாலு அங்குல போரில் ஒரு தவ் சின்னதாகக் காட்டும். ஒரு ராத்திரி பிளாக்கையும் கேஜையும் ஒரே அறையில் தூங்க வை.

கடைசியாகக் கழுவல். ஷாப்பில் கழுவித்தான் தருவார்கள், நீ மறுபடி கழுவு. எண்ணெய் பாதைகளின் பிளக் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, துப்பாக்கிக் குழல் துலக்கும் நீளமான பிரஷ், வெந்நீர், பாத்திரம் கழுவும் சோப்பு. பெட்ரோலோ மண்ணெண்ணெயோ வேண்டாம், ஹோனிங் தூளை அது கிளப்பாது. கணபதிப் பட்டறையில் எங்கள் முதலாளி வெள்ளை வேட்டியைக் கிழித்து வைத்திருப்பார். கழுவிய சிலிண்டரை எண்ணெய் தொட்ட அந்தத் துணியால் துடைப்பார். துணியில் சாம்பல் நிறம் தெரிந்தால் ஒரு வார்த்தை பேசமாட்டார், துணியை நம் தோளில் போட்டுவிட்டுப் போய்விடுவார். மறுபடி கழுவ வேண்டும். நான் ஒரு பிளாக்கை ஐந்து தடவை கழுவியிருக்கிறேன். கழுவி முடித்ததும் காற்று அடித்து உடனே எண்ணெய் தடவு. ஒரு டீ குடித்து வருவதற்குள் துரு பூத்துவிடும்.

வார்ப்பில் கூரான ஓரம், பிசிறு எல்லாம் கழுவுவதற்கு முன்பே அரத்தால் தட்டிவிடு. கேம் பேரிங்கின் எண்ணெய் ஓட்டை பிளாக்கின் ஓட்டைக்கு நேராக இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார். பின்பக்கம் உள்ள கேலரி பிளக்கை (எண்ணெய் பாதையை அடைப்பது) மறந்தால் எண்ணெய் பிரஷர் வராது, என்ஜினை மறுபடி இறக்க வேண்டியதுதான்.

---

சும்மா_ஒரு_ரவுண்டு எழுதியது:

எல்லாம் சரி, ஆனால் ஒருவரும் கேட்காத கேள்வி. 650 எதற்கு? நரிக்காரன் அந்தக் காரில் ஞாயிற்றுக்கிழமை காபி குடிக்கப் போகிறார். 420, 430க்குள் நின்றால் பழைய பிளாக்கே வருஷக்கணக்கில் ஓடும். பிளாக், மெஷினிங், அப்புறம் கிராங்க், அதற்கு ஏற்ற கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில். பழைய ஐந்து கியர் பெட்டி 650ஐத் தாங்குமா?

கிராங்க் வாங்கும்போது பேலன்ஸையும் கவனியுங்கள். உங்கள் பழைய ஃப்ளைவீல், டாம்பர் இரண்டும் கிராங்க்கைச் சமன்படுத்த ஒரு பக்கம் எடை வைத்தவை, 50 அவுன்ஸ் கணக்கு. புது கிராங்க் 28 ஆகவோ உள்ளேயே பேலன்ஸ் செய்ததாகவோ இருந்தால் பழையதைப் பூட்டக் கூடாது.

---

லேத்துக்காரர் எழுதியது:

ரவுண்டு சார் சொல்வதை நான் எதிர்க்கவில்லை. 430 போதும் என்றால் எனக்கு ஒரு வாடிக்கையாளர் குறைவு, தம்பிக்கு ஐயாயிரம் டாலர் மிச்சம். கியர்பாக்ஸ் தாங்காது, அதையும் கணக்கில் சேர்த்துக்கொள். ஆனால் 430இல் நிறுத்துகிற ஆள் டர்போ வாங்கமாட்டான் சார். பூஸ்ட்டைக் கூட்டுகிற நாப் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

---

நரிக்காரன் எழுதியது (நாலு வாரம் கழித்து):

அனைவருக்கும் நன்றி. ரவுண்டு சார், நீங்கள் சொன்னதை இரண்டு நாள் யோசித்தேன், மனைவியும் உங்கள் கட்சி. ஆனாலும் பிளாக் வாங்கிவிட்டேன். 4.125 போர். மெஷின் ஷாப்பும் மாற்றினேன், முதலில் அளந்துவிட்டு அப்புறம் விலை சொல்கிற இடம்.

அளவுத் தாள் வந்தது. ஸ்டட்டோடு இறுக்கி அளந்ததில் மெயின் 1, 2, 4, 5 நாலும் 2.4416. மூன்றாவது மட்டும் 2.4409. மற்றதைவிட 7 டென்த்ஸ் (ஒரு தவ்வில் பத்தில் ஏழு) இறுக்கம், கீழ் வரம்புக்கும் கீழே. எனக்கு இது ஒன்றுமே இல்லாத அளவாகத்தான் தோன்றியது. ஷாப்காரர் பேரிங் இடைவெளியே இரண்டரை தவ்தான் வைக்கப்போகிறோம், அதில் கால்வாசிக்கு மேல் நடு மெயினில் காணாமல் போகும் என்றார். லைன் ஹோன் செய்யச் சொல்லிவிட்டேன். டெக் நன்றாக இருக்கிறது, அந்தக் காசு மிச்சம். போரில் நாலரை தவ் விட்டு வைத்திருந்தார்கள், அண்ணா சொன்ன மாதிரியே.

இப்போது புதுச் சிக்கல். டார்க் பிளேட்டுக்காக என் ஹெட் ஸ்டட்டைக் கொடுத்தேன், பழைய 302க்கு வருகிற 7/16 அங்குலம். ஷாப்பிலிருந்து போன் வருகிறது, பிளாக்கின் மரையில் அது லொடலொட என்று ஆடுகிறதாம். இந்த பிளாக்கில் ஹெட் மரை அரை அங்குலம். என் ஹெட்டில் உள்ள ஓட்டையோ 7/16க்கு உரியது. என்ன செய்ய அண்ணா?

---

லேத்துக்காரர் எழுதியது:

நல்ல வேளை, ஹோனிங்குக்கு முன்னாலேயே மாட்டிக்கொண்டாய். ஸ்டட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அரை அங்குல செட் வாங்கு. கேஸ்கெட்டும் அரை அங்குல ஓட்டை உள்ளதாக மாற்று, ஷாப்பில் டார்க் பிளேட்டும் அரை அங்குலத்துக்கு உரியதுதானா என்று கேள். ஹெட் ஓட்டைகளைக் கை ட்ரில்லில் தொடாதே, சாய்ந்துபோகும். ஒரு ஸ்டட் சாய்வான ஓட்டையில் உரசினாலும் டார்க் ரெஞ்ச் பொய் சொல்லும். ஹெட்டின் வால்வு, ஸ்ப்ரிங் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுக் கொண்டு வா. சனிக்கிழமை எட்டு மணிக்குள் வந்தால் மில்லிங் மெஷின் காலியாக இருக்கும். வரும்போது அந்த அளவுத் தாளையும் எடுத்து வா, மூன்றாவது மெயினைப் பார்க்க வேண்டும்.